டாட் கிட்இக்னோர்: பக்க வடிவமைப்பு மேசையிலிருந்து ஒரு மதிப்புரை

சாதாரண டெக்ஸ்ட் கோப்பிலிருந்து அச்சுப் பக்கங்களை அமைக்கும் லேடெக்கில் ஒரு புத்தகத்தை ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். நீங்கள் எழுதிய ஒரு .டெக் கோப்புக்குப் பக்கத்தில் .ஆக்ஸ், .லாக், .டிஓசி, .அவுட், .சிங்க்டெக்.ஜிஇசட் என்று வரிசையாக வந்து உட்கார்ந்துகொள்ளும். சொல்லடைவு இருந்தால் .ஐடிஎக்ஸ், .ஐஎல்ஜி, .இண்ட் மூன்றும் கூடவே வரும். அத்தியாயங்களைத் தனித்தனிக் கோப்பாக வைத்து இன்க்ளூட் செய்திருந்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு .ஆக்ஸ். இருபது கட்டுரை உள்ள தொகுப்பு என்றால் ஃபோல்டரைத் திறந்ததும் எது நூல், எது நூலை உருவாக்கும்போது உதிர்ந்த தூசி என்று கண் தேட வேண்டியிருக்கும்.

நான் சென்னையில் சிறு பதிப்பகங்களுக்குப் பக்கம் போட்டுக் கொடுக்கிறேன். மெய்ப்புத் திருத்துபவர் கும்பகோணத்தில், அட்டை போடுபவர் கோவையில். மூவருக்கும் நடுவே புத்தகம் ஒரு கிட் ரெப்போவில் (கோப்புகளும் அவற்றின் மாற்ற வரலாறும் சேர்ந்த ஃபோல்டரில்) இருக்கிறது. நிரலாளர்கள் கிட்டைப் பற்றி எழுதியது ஏராளம். புத்தக வேலையில் அதன் ஒரு சின்ன உறுப்பு எப்படி உழைக்கிறது, எங்கே கை விடுகிறது என்று தமிழில் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை. அதனால் .கிட்இக்னோர் கோப்புக்கும், அதையொட்டிக் கிடைக்கும் இலவச டெம்ப்ளேட்டுகளுக்கும் சேர்த்து இந்த மதிப்புரை.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸ் கெர்னல் வேலைக்காக எழுதத் தொடங்கியதுதான் கிட். ஒரு ஃபோல்டரில் உள்ள கோப்புகளில் யார், எப்போது, எதை மாற்றினார் என்ற முழு வரலாற்றையும் அது வைத்துக்கொள்ளும். ஃபோல்டருக்குள் .கிட்இக்னோர் என்ற பெயரில் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பை வைத்து, வரிக்கு ஒன்றாகச் சில பேட்டர்ன்களை (கோப்புப் பெயர்களின் அச்சுகளை) எழுதினால், அவற்றுக்குப் பொருந்தும் கோப்புகளை கிட் கண்டுகொள்ளாது. என்னென்ன மாறியிருக்கிறது என்று சொல்லும் ஸ்டேட்டஸில் காட்டாது. கிட் ஆட் கொடுத்து எல்லாவற்றையும் அள்ளும்போதும் அவற்றைத் தொடாது.

எனக்கு இதில் முதலில் பிடித்தது, இது ஒரு கோப்பு என்பதுதான். எங்கோ ஒரு மெனுவுக்குள் ஒளிந்திருக்கும் செட்டிங் கிடையாது. கிட்டுக்கு முன் இதே வேலைக்கு இருந்த சப்வெர்ஷனில் இதை ஃபோல்டரோடு ஒட்டிய ஒரு பண்பாக வைத்திருந்தார்கள். அதைப் பார்க்கவே தனிக் கமாண்ட் வேண்டும். அதற்கும் முந்தைய சிவிஎஸ்ஸில் .சிவிஎஸ்இக்னோர் என்ற கோப்பு இருந்தது. கிட் அந்தக் கோப்பு வழியைப் பிடித்துக்கொண்டது நல்லதாகப் போயிற்று. ரெப்போவை யார் குளோன் செய்தாலும் (தன் கணினிக்கு நகலெடுத்தாலும்) பட்டியலும் கூடவே போகிறது. பட்டியலில் ஒரு வரி சேர்ந்தால் அதுவும் ஒரு கமிட், அதாவது வரலாற்றில் ஒரு பதிவு. யார், எதற்காகச் சேர்த்தார் என்று பிறகு தேடிப் பார்க்கலாம். "வரைவுப் பிடிஎஃப்கள் இனி ரெப்போவுக்குள் வேண்டாம், மெய்ப்புக்குத் தனியாக அனுப்புவோம்" என்ற முடிவு எங்கள் குழுவில் ஒரு வாட்ஸ்அப் செய்தியாக மட்டும் இருந்திருந்தால் நாலு வாரத்தில் மறந்திருக்கும். பட்டியலில் ஒரு வரியாக, மேலே ஒரு குறிப்போடு நிற்பதால் புதிதாகச் சேர்ந்தவரும் படித்துத் தெரிந்துகொள்கிறார்.

குறிப்பு என்றதும் ஒன்று சொல்லிவிடுகிறேன். # போட்டுத் தொடங்கும் வரி குறிப்பு. ஆனால் பேட்டர்னுக்குப் பின்னால், அதே வரியில் # போட்டு விளக்கம் எழுத முடியாது. எழுதினால் அந்த விளக்கமும் பேட்டர்னின் பகுதியாகிவிடும், எந்தக் கோப்பும் பொருந்தாது, கிட் ஒரு வார்த்தை சொல்லாது. குறிப்புக்குத் தனி வரி கொடுங்கள்.

பேட்டர்ன் எழுதும் முறை பார்க்க எளிது. *.ஆக்ஸ் என்றால் எந்த ஃபோல்டரில் இருந்தாலும் .ஆக்ஸ் என்று முடியும் எல்லாக் கோப்பும். சாய்கோடு வரும் இடத்தில்தான் ஆட்கள் தடுமாறுகிறார்கள். என்னிடம் இதைப் பற்றிக் கேட்டவர்கள் எல்லோருமே இந்த இடத்தில்தான் நின்றிருந்தார்கள். அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

படிகள்/

இப்படி எழுதினால் படிகள் என்ற பெயருள்ள ஃபோல்டர் எந்த ஆழத்தில் இருந்தாலும் ஒதுக்கப்படும். கடைசியில் உள்ள கோடு "ஃபோல்டர் மட்டும்" என்கிறது. அதே பெயரில் ஒரு கோப்பு இருந்தால் அது தப்பிக்கும்.

/படிகள்/

முன்னால் ஒரு கோடு சேர்ந்ததும், .கிட்இக்னோர் இருக்கும் அதே மட்டத்தில் உள்ள படிகள் ஃபோல்டர் மட்டும்தான் ஒதுக்கப்படும். உள்ளே வேறெங்காவது இருக்கும் படிகள் அப்படியே பதிவாகும்.

பாகம்1/படிகள்/

இங்கே முன்னால் கோடு இல்லை. ஆனாலும் நடுவில் ஒரு கோடு வந்துவிட்டதால் இதுவும் மேல்மட்டத்தோடு கட்டப்பட்டுவிடுகிறது. கடைசிக் கோடு மட்டும் இருந்தால் எங்கும் தேடும், நடுக்கோடு இருந்தால் ஓரிடத்தில் மட்டும் தேடும் என்ற இந்த விதியை யாரும் தானாக ஊகிக்க முடியாது. ஆவணத்தில் தெளிவாகவே எழுதியிருக்கிறார்கள், ஆனால் ஆவணத்தைப் படித்துவிட்டு இந்தக் கோப்பை எழுதுபவர் எத்தனை பேர்? எல்லா ஆழத்திலும் தேட வேண்டுமென்றால் முன்னால் **/ போட்டுக்கொள்ளலாம்.

அடுத்தது ஆச்சரியக்குறி. "இதைத் தவிர" என்று சொல்ல அதுதான் வழி. எங்கள் வேலையில் இது தினமும் வேண்டும். பிடிஎஃப் பெரும்பாலும் உருவாக்கப்படும் பொருள்; .டெக் இருந்தால் எப்போது வேண்டுமானாலும் மறுபடி எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அட்டை அப்படி இல்லை. அது கோவையிலிருந்து பிடிஎஃப்பாகவே வருகிறது. அதுதான் மூலம். ஆகவே:

*.பிடிஎஃப்
!அட்டை/*.பிடிஎஃப்

இது சரியாக வேலை செய்யும். ஒரே கோப்புக்கு இரண்டு வரி பொருந்தினால், பின்னால் வரும் வரிதான் செல்லும். ஆகவே விதிவிலக்கு எப்போதும் கீழே இருக்க வேண்டும். இனி இதைப் பாருங்கள்:

வெளியீடு/
!வெளியீடு/இறுதி.பிடிஎஃப்

படித்தால் அதே தர்க்கம்தான். ஆனால் வேலை செய்யாது. வெளியீடு என்ற ஃபோல்டரையே ஒதுக்கியாயிற்று என்றால் கிட் அதற்குள் எட்டிக்கூடப் பார்க்காது. வேகத்துக்காக அப்படி அமைத்திருக்கிறார்கள். உள்ளே பார்க்காதபோது உள்ளே உள்ள விதிவிலக்குக்கு என்ன அர்த்தம்? ஃபோல்டரை ஒதுக்காமல் அதன் உள்ளடக்கத்தை ஒதுக்க வேண்டும். முதல் வரியை வெளியீடு/* என்று மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும். ஒரு நட்சத்திரம்தான் வித்தியாசம். அட்டைக்காரர் இந்த இடத்தில் ஒரு மாலை முழுக்க உட்கார்ந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, ஆச்சரியக்குறி போட்டும் வர மாட்டேங்குது" என்றார். அவர் எழுதியிருந்ததைப் படித்தால் அர்த்தம் சரியாகத்தான் இருந்தது, அதனால் அவர் மேல் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை.

இந்த மாதிரி நேரங்களில் கைகொடுப்பது கிட் செக்-இக்னோர் என்ற கமாண்ட். என் கணக்கில் இந்த வசதி முழுவதிலும் சிறந்த பகுதி இதுதான், ஆனால் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. -வி சேர்த்து, சந்தேகமுள்ள கோப்பின் பெயரைக் கொடுத்தால் ஒரே வரியில் பதில் வரும்:

.கிட்இக்னோர்:41:*.இண்ட்    சொல்லடைவு.இண்ட்

எந்தப் பட்டியலில், எத்தனையாவது வரியில், எந்த பேட்டர்ன் இந்தக் கோப்பைப் பிடித்தது என்று அது விரலை வைத்துக் காட்டிவிடுகிறது. ஊகிக்க வேண்டியதில்லை. பதிலே வரவில்லை என்றால் எந்த வரியும் பிடிக்கவில்லை, அல்லது அந்தக் கோப்பு ஏற்கெனவே கிட்டின் கண்காணிப்பில் இருக்கிறது என்று பொருள்.

அந்த எடுத்துக்காட்டில் சொல்லடைவைப் போட்டதற்குக் காரணம் உண்டு. அது டெம்ப்ளேட்டுகளைப் பற்றிய என் மனக்குறை.

கிட் ரெப்போக்களை இணையத்தில் வைத்துக்கொள்ள இடம் தரும் கிட்ஹப் நிறுவனம் தன் தளத்தில் இக்னோர் டெம்ப்ளேட்டுகளை ஒரு தொகுப்பாக வைத்திருக்கிறது. பைத்தான், ஜாவா, நோட் என்று மொழிவாரியாக, கருவிவாரியாக இருக்கிறது. புது ரெப்போ தொடங்கும்போது அங்கேயே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பொதுக் கொடையாக, எந்த உரிமமும் கோராமல் கொடுக்கிறார்கள்; உலகெங்கும் உள்ளவர்கள் திருத்தி அனுப்புகிறார்கள். டாப்டால் நிறுவனம் நடத்தும் கிட்இக்னோர்.ஐஓ சேவையில் "லேடெக், விண்டோஸ், மேக்" என்று தட்டினால் மூன்றையும் சேர்த்து ஒரே கோப்பாகக் கொடுத்துவிடும். இரண்டும் இலவசம். இரண்டும் நேர்மையான உழைப்பு.

லேடெக்குக்கான டெம்ப்ளேட்டைத் திறந்து பார்த்தால் வரிகள் நூற்றுக்கணக்கில் போகின்றன. எந்தெந்தப் பேக்கேஜ் என்னென்ன உதிர்க்கும் என்று ஒன்று விடாமல் எழுதியிருக்கிறார்கள். பீமர், குளோசரீஸ், மின்டெட் என்று நான் கைவைக்காத பேக்கேஜ்களின் பெயரெல்லாம் அதில் உண்டு. ஒரு தகவல் களஞ்சியமாக அருமை. பிடிஎஃப் விஷயத்தில் அவர்கள் காட்டும் நிதானமும் எனக்குப் பிடித்தது: *.பிடிஎஃப் வரியை # போட்டு அணைத்து வைத்து, இது படங்களையும் சேர்த்து ஒதுக்கிவிடக்கூடும் என்று மேலேயே எச்சரித்திருக்கிறார்கள்.

ஆனால் .இண்ட் கோப்பை அந்த டெம்ப்ளேட் ஒதுக்குகிறது. ஆங்கில நூலுக்கு அது முற்றிலும் சரி. மேக்இண்டெக்ஸ் ஓட்டினால் அகரவரிசையில் சொல்லடைவு தானாக வந்துவிடும், அதைப் பாதுகாக்க வேண்டியதில்லை. தமிழில் நிலைமை வேறு. அந்தக் கருவி தமிழ் அகரவரிசையை அறியாது. பைட் வரிசையில் அடுக்கும். யுனிகோடில் புள்ளி உயிர்மெய்க் குறிகளுக்குப் பின்னால் இருப்பதால் க, கா, கி எல்லாம் வந்த பிறகுதான் க் வரும். ன போய் நவுக்குப் பக்கத்தில் நிற்கும். நம் அகராதி ஒழுங்கு சிதறிவிடும். அதனால் கருவி கொடுத்த .இண்ட் கோப்பை எடுத்து வைத்துக்கொண்டு கும்பகோணத்து அக்கா கையால் வரிசைப்படுத்துகிறார். "காந்தி, மோ.க." என்பதும் "மகாத்மா" என்பதும் ஒரே ஆள் என்று இணைத்து விடுவதும் அவர்தான். அது பல நாள் உழைப்பு. டெம்ப்ளேட்டைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டால் அந்த உழைப்பை கிட் தூசியென்று தள்ளிவிடும். வரலாற்றில் ஏறாது, புஷ்ஷில் (மாற்றங்களைப் பொது ரெப்போவுக்கு அனுப்பும்போது) போகாது. எங்கள் பட்டியலில் இப்போது !சொல்லடைவு.இண்ட் என்று ஒரு வரி இருக்கிறது.

ஆகவே டெம்ப்ளேட் பற்றி என் தீர்ப்பு: படிக்க எடுத்துக்கொள்ளுங்கள், அப்படியே ஒட்டாதீர்கள். உங்கள் ஃபோல்டரில் உண்மையில் என்ன உதிர்கிறதோ அதை மட்டும் எழுதுங்கள். பதினைந்து வரிப் பட்டியலில் ஒவ்வொரு வரிக்கும் உங்களால் காரணம் சொல்ல முடியும். முந்நூறு வரியில் முடியாது. ஒரு கோப்பு ஏன் ரெப்போவுக்குள் போகவில்லை என்று ஆறு மாதம் கழித்துத் தேடும்போது அதன் அருமை தெரியும்.

வரிகளைக் குறைக்க இன்னொரு வழியும் கிட்டிலேயே இருக்கிறது. ஒதுக்கும் பட்டியலை மூன்று இடத்தில் வைக்கலாம். ரெப்போவுக்குள் இருப்பது எல்லோருக்கும். .கிட்/இன்ஃபோ/எக்ஸ்க்ளூட் என்ற கோப்பு, இந்த ஒரு புத்தகத்துக்கு, உங்கள் கணினியில் மட்டும். மூன்றாவது, உங்கள் கணினியில் உள்ள எல்லா ரெப்போவுக்குமான பொதுப் பட்டியல், கோர்.எக்ஸ்க்ளூட்ஸ்ஃபைல் என்ற அமைப்பில் அதன் இடத்தைச் சொல்லிவிட்டால் போதும். மேக் உதிர்க்கும் .டிஎஸ்_ஸ்டோர், விண்டோஸின் தம்ப்ஸ்.டிபி, வேர்டு திறந்திருக்கும்போது முளைக்கும் ~$ கோப்பு, லிப்ரேஆஃபீஸ் வைக்கும் .~லாக் கோப்பு எல்லாம் அவரவர் கணினியின் சமாச்சாரம். புத்தகத்தின் பட்டியலில் அவற்றுக்கு இடம் வேண்டியதில்லை. அதை நான் கறாராகவே சொல்வேன். புத்தகத்தின் பட்டியல் புத்தகத்தைப் பற்றி மட்டும் பேசட்டும். நடைமுறையில், வேர்டில் மூலப்படி அனுப்பும் ஆசிரியர் ஒருவர் நேரடியாக ரெப்போவில் சேர்ந்தபோது மட்டும் ~$* என்ற வரியை உள்ளே சேர்த்தோம். கமாண்ட் தட்டும் டெர்மினல் பக்கமே போகாத பெரியவரிடம் பொதுப் பட்டியல் அமைக்கச் சொல்ல முடியாது.

விண்டோஸ்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நோட்பேடில் சேமித்தால் பெயருக்குப் பின்னால் .டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளக்கூடும். விண்டோஸோடு வரும் பழைய பவர்ஷெல் 5.1இல் > குறி வைத்துக் கோப்பை உருவாக்கினால் அது யுடிஎஃப்-16இல் எழுதும். கிட்டுக்கு அது புரியாது. திறந்து பார்த்தால் எல்லா வரியும் கண்ணுக்குச் சரியாக இருக்கும், ஒன்றும் ஒதுக்கப்படாது.

இனி தமிழ்ப் பெயர்கள். நான் கோப்புகளுக்கும் ஃபோல்டர்களுக்கும் தமிழிலேயே பெயர் வைக்கிறேன். அதில் கிட் எப்படி நடந்துகொள்கிறது என்பது எனக்கு முக்கியம். உங்களுக்கும் இருக்கலாம்.

முதல் நாள் பார்த்தால் பயமாக இருக்கும். கிட் ஸ்டேட்டஸ் கொடுத்தால் அ என்ற ஒற்றை எழுத்தை \340\256\205 என்று காட்டும். "அணிந்துரை" ஒரு முழு வரிக்கு எண்களாக ஓடும். கோப்பு கெட்டுவிடவில்லை. ஆங்கிலம் அல்லாத எழுத்துகளை அது முன்னிருப்பாக இப்படித்தான் காட்டுகிறது. கோர்.கோட்பாத் என்ற அமைப்பை ஃபால்ஸ் ஆக்கிவிட்டால் தமிழ் தமிழாகத் தெரியும். முன்னிருப்பே இப்படி இருந்திருக்கலாம் என்று ஒவ்வொரு புதுக் கணினியிலும் நினைத்துக்கொள்கிறேன்.

பேட்டர்ன்களைத் தமிழில் எழுதலாம், தாராளமாக வேலை செய்யும். வரைவு* என்றால் வரைவு1, வரைவு-பழையது எல்லாம் போய்விடும். ஆனால் கேள்விக்குறியில் கவனம் வேண்டும். ? என்பது "ஏதோ ஒரு எழுத்து" என்று பொருள். கிட் அதை ஒரு பைட் என்று எடுத்துக்கொள்கிறது. ஒரு தமிழ்க் குறி 3 பைட். ஆகவே படி?.பிடிஎஃப் என்று எழுதினால் படி1, படி2 பிடிபடும். படிஅ, படிஆ பிடிபடாது. மெய்ப்புப் படிகளுக்கு எண்ணே போடுங்கள், அல்லது நட்சத்திரம் போடுங்கள்.

இதைவிட நுட்பமானது கொம்பும் காலும். "தொகுப்பு" என்ற சொல்லில் உள்ள ஒகரக் குறியை யுனிகோடில் ஒற்றைக் குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பு, கால் என்று இரண்டு குறியாகவும் வைக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். பைட்களாகப் பார்த்தால் வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றி எடுத்த பெயர்களில் இரண்டு குறி வடிவம் வருவதை நான் பார்த்திருக்கிறேன். ஃபோல்டர் பெயர் ஒரு வடிவத்தில், இக்னோர் வரி இன்னொரு வடிவத்தில் இருந்தால் பொருந்தவே பொருந்தாது. எத்தனை முறை படித்தாலும் கண்ணுக்குப் பிழை தெரியாது. ஓ, ஔ சேர்ந்த எழுத்துகளுக்கும் இதே கதைதான். ஒரே வழி: பெயரைத் தட்டச்சு செய்யாமல், கிட் ஸ்டேட்டஸ் காட்டும் பெயரை அப்படியே நகலெடுத்துப் பட்டியலில் ஒட்டுவது. இது கிட்டின் குறை என்று முழுதாகச் சொல்ல முடியாது. ஆனால் தமிழில் வேலை செய்பவருக்குச் செலவாகும் நேரம் உண்மையானது.

இப்போது பெரிய குறைக்கு வருகிறேன். பட்டியலில் எழுதிய வரி, ஏற்கெனவே கமிட் ஆகிவிட்ட கோப்பை ஒன்றும் செய்யாது. கிட் ஒரு கோப்பைக் கண்காணிக்கத் தொடங்கிவிட்டால் பிறகு இக்னோர் பட்டியலை அந்தக் கோப்புக்குப் பார்ப்பதே இல்லை. இணையத்தில் "என் கிட்இக்னோர் வேலை செய்யவில்லை" என்று வரும் புலம்பல்களைப் படித்துப் பாருங்கள், பாதி இதுவாகத்தான் இருக்கும்.

எங்கள் ரெப்போவில் கணினி.டெக் என்று ஒரு கோப்பு இருந்தது. எழுத்துருக்கள் எந்த ஃபோல்டரில் இருக்கின்றன என்பது மட்டும்தான் அதில். என் கணினியில் ஒரு பாதை, அக்காவின் கணினியில் வேறொரு பாதை. அவர் மாற்றிப் புஷ் செய்வார், எனக்கு உடையும். நான் மாற்றுவேன், அவருக்கு உடையும். பட்டியலில் பெயரைச் சேர்த்தால் மட்டும் தீராது. கிட் ஆர்எம் கமாண்டை --கேஷ்டு என்பதோடு கொடுத்துக் கண்காணிப்பிலிருந்து எடுக்க வேண்டும். என் கணினியில் கோப்பு அப்படியே இருக்கும். ஆனால் அந்த கமிட் மற்றவர் கணினிக்குப் போகும்போது "இந்தக் கோப்பு நீக்கப்பட்டது" என்றுதான் போகும். புல் செய்தவுடன் (மாற்றங்களைத் தங்கள் கணினிக்கு இறக்கியவுடன்) அவர்கள் பக்கம் அது அழிந்துவிடும். எந்த வழிகாட்டியும் இதை அழுத்திச் சொல்வதில்லை. அதனால் முன்கூட்டியே போன் போட்டுச் சொன்னேன்: "அக்கா, புல் பண்றதுக்கு முன்னாடி கணினி.டெக்கை வேற பேர்ல ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கோங்க. அப்புறம் திரும்பப் பேரை மாத்திடுங்க." இப்போது ரெப்போவில் கணினி-மாதிரி.டெக் மட்டும் இருக்கிறது. புதிதாக வருபவர் அதை நகலெடுத்துத் தன் பாதையை எழுதிக்கொள்கிறார். இணைய நிரல் எழுதுபவர்கள் அவரவர் கணினிக்கான அமைப்புகள் உள்ள .என்வ் கோப்பை ஒதுக்கி, மாதிரியை மட்டும் பகிர்வது இதே முறைதான்.

சிலர் இதற்கு அஸ்யூம்-அன்சேஞ்ச்டு என்ற அமைப்பைப் பரிந்துரைப்பார்கள். கிட்டின் ஆவணமே இந்த வேலைக்கு அது ஏற்றதல்ல என்கிறது. அந்தப் பக்கம் போகவேண்டாம்.

இன்னொன்று: இது பூட்டு கிடையாது. ஆசிரியர் ஒப்பந்தம், வங்கி விவரம், காசு கொடுத்து வாங்கிய எழுத்துருக் கோப்புகள் போன்றவற்றைப் பட்டியலில் எழுதிவிட்டுப் பாதுகாப்பு என்று நம்பக்கூடாது. ஆட் கமாண்டில் -எஃப் சேர்த்தால் யாரும் உள்ளே போட்டுவிடலாம். ஒருமுறை கமிட் ஆனால், அடுத்த கமிட்டில் அழித்தாலும் வரலாற்றில் கிடக்கும். அதைத் துடைக்க ஃபில்டர்-ரெப்போ போன்ற கருவியால் முழு வரலாற்றையும் மறுபடி எழுத வேண்டும். கடவுச்சொல், ஏபிஐ சாவி போன்றவை வெளியே போயிருந்தால் துடைத்தும் பயனில்லை. உடனே மாற்றிவிட வேண்டும். ஒப்பந்தங்களை நான் ரெப்போ ஃபோல்டருக்கு வெளியேதான் வைத்திருக்கிறேன். பெரிய கோப்புகளிலும் இதே சிக்கல் உண்டு. 100 எம்பிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை கிட்ஹப் ஏற்காது. 50ஐத் தாண்டினாலே எச்சரிக்கும். படங்கள் நிறைந்த நூலின் அச்சுப் பிடிஎஃப் அந்த எல்லையை எளிதாகத் தாண்டும். பிடிஎஃப் ஏற்கெனவே சுருக்கப்பட்டது என்பதால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் கிட் கிட்டத்தட்ட முழுக் கோப்பையும் மறுபடி சேமிக்க வேண்டியிருக்கும். *.பிடிஎஃப் என்ற அந்த ஒரு வரி மிச்சப்படுத்தும் இடம் கொஞ்சமல்ல.

ஒதுக்கிய கோப்பை கிட் எவ்வளவு மதிக்கிறது? கொஞ்சமும் மதிக்காது என்பதையும் தெரிந்துகொண்டே பயன்படுத்த வேண்டும். நீங்கள் வேறொரு கிளைக்கு (அதே ரெப்போவில் இணையாக நடக்கும் இன்னொரு வடிவத்துக்கு) மாறும்போது, அங்கே அதே பெயரில் கண்காணிக்கப்படும் கோப்பு இருந்தால், உங்கள் பக்கம் ஒதுக்கி வைத்திருந்ததன் மேல் கேட்காமலே எழுதிவிடும். கிட் கிளீன் கமாண்டில் -எஃப்டியோடு பெரிய எழுத்து எக்ஸ் போட்டால் ஒதுக்கியவை மட்டும் அழியும். லேடெக் குப்பையைக் கூட்டித் தள்ள இதைவிட நல்ல துடைப்பம் இல்லை, ஆனால் கணினி.டெக்கும் சேர்ந்து போய்விடும். சின்ன எழுத்து எக்ஸ் போட்டால் இன்னும் ஆட் செய்யாத புது அத்தியாயமும் போய்விடும். ஓட்டுவதற்கு முன் -என் போட்டு, என்னென்ன அழியும் என்ற பட்டியலைப் படித்துவிடுங்கள். அழிந்தால் வலிக்கும் எதையும் ஒதுக்குப் பட்டியலை நம்பி அந்த ஃபோல்டரில் வைக்கவேண்டாம் என்பது என் கருத்து.

யாருக்குச் சரிவரும்? தனியாக, ஒரே கணினியில், வேர்டில் வேலை செய்பவருக்கு இது தேவையே இல்லை. இரண்டு பேருக்கு மேல் ஒரே புத்தகத்தில் கை வைக்கிறார்கள், டெக்ஸ்ட் அடிப்படையில் வேலை நடக்கிறது என்றால் முதல் கமிட்டுக்கு முன்பே இந்தக் கோப்பை எழுதிவிடுங்கள். கண்காணிப்பு பற்றி மேலே சொன்ன சிக்கல் பெரும்பாலும் வராமலே போகும். எங்களுடைய இன்றைய பட்டியல் கிட்டத்தட்ட இதுதான்:

# லேடெக் உதிர்ப்பவை
*.ஆக்ஸ்
*.லாக்
*.டிஓசி
*.அவுட்
*.ஐடிஎக்ஸ்
*.ஐஎல்ஜி
*.இண்ட்
*.சிங்க்டெக்.ஜிஇசட்
# அக்கா கையால் வரிசைப்படுத்தியது, உள்ளே இருக்க வேண்டும்
!சொல்லடைவு.இண்ட்
# பிடிஎஃப் எல்லாம் வெளியே, அட்டை தவிர
*.பிடிஎஃப்
!அட்டை/*.பிடிஎஃப்
# அவரவர் எழுத்துருப் பாதை
/கணினி.டெக்
# வேர்டு
~$*

கிட் குழுவிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. பட்டியலில் ஒரு வரி இருக்க, அதற்குப் பொருந்தும் கோப்பு கண்காணிப்பிலும் இருந்தால், ஸ்டேட்டஸில் ஒரு வரி எச்சரிக்கை காட்டலாம். இப்போதைக்கு அதை நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்: கிட் எல்எஸ்-ஃபைல்ஸ் -ஐ -சி --எக்ஸ்க்ளூட்-ஸ்டாண்டர்ட் என்று கொடுத்தால் அப்படிப்பட்ட கோப்புகளின் பெயர்கள் வரும். அச்சகத்துக்கு அனுப்பும் முன் நான் அதை ஓட்டிப் பார்க்கிறேன். ஒன்றும் வராமல் டெர்மினல் அடுத்த வரிக்குப் போனால் சரி. ஏதாவது பெயர் வந்தால், பட்டியல் தப்பா, கோப்பு உள்ளே இருப்பது தப்பா என்று அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் மேலே போவேன்.